இடுப்பில் கட்டும் கயிறு ஆளை மூழ்கடிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டாற்றில் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு), ராஃப்ட் (காற்றடைத்த ரப்பர்ப் படகு) ஓட்டுகிறவர்களுக்கான பாதுகாப்புக் குறிப்புகளை உங்கள் நாளிதழில் படித்தோம். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ‘விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குபவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையைக் கரையில் இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. கூடவே ஒரு படமும் இருந்தது. அந்த வரியைத் திருத்தியே ஆகவேண்டும். கிணற்றுக்கும் குளத்துக்கும் அது பொருந்தலாம். ஓடுகிற தண்ணீரில் அது இறங்கியவரையே கொன்றுவிடும்.

ஆற்றோடு மிதந்து போகிறவருக்குத் தண்ணீரின் தள்ளுவிசை அவ்வளவாகத் தெரியாது. அவரும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகிறார்கள். கயிறு அவரைப் பிடித்து நிறுத்தும் கணத்தில்தான் ஓட்டம் முழுவதும் அவர் உடம்பில் மோதத் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும். மீட்புப் பயிற்சிகளில் வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு இது: மணிக்கு 5 கி.மீ. ஓட்டத்தில் ஓர் ஆளின் உடம்பு மீது சுமார் 15 கிலோ எடைக்குச் சமமான விசை, 10 கி.மீ. என்றால் சுமார் 60 கிலோ, 15 கி.மீ.யை நெருங்கும்போது 135 கிலோவுக்கும் மேல். கட்டு இடுப்பின் முன்பக்கம் இருந்தால் உடம்பு மடங்கி முகம் தண்ணீருக்குள் போகும். பின்பக்கம் இருந்தாலும் இடுப்பு தூக்கப்பட்டுத் தலை தாழும். கரையில் இருப்பவர்கள் பதறிப்போய் இன்னும் பலமாக இழுப்பார்கள். இழுக்க இழுக்க அவர் கீழே போவார். முடிச்சோ நனைந்து இறுகியிருக்கும், அவராலும் அவிழ்க்க முடியாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டிய ஒரே காரியம் கயிற்றை விட்டுவிடுவது. ஆனால் கையில் இருக்கும் கயிற்றை விட யாருக்கும் மனம் வராது.

பயிற்சி பெற்ற மீட்பாளர்கள் கயிற்றோடு குதிக்கிறார்களே என்று கேட்கலாம். குதிக்கிறார்கள். அந்தக் கயிறு இடுப்பில் கட்டப்பட்டதல்ல. மீட்புக்கென்றே தைத்த லைஃப் ஜாக்கெட்டில் மார்பைச் சுற்றி ஒரு நாடா பெல்ட் ஓடும். முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, அந்த நாடாவில் ஒரு வளையம் கோத்திருக்கும். கயிறு அந்த வளையத்தில்தான் மாட்டப்படும். முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பக்கிள், அதில் தொங்கும் வண்ண உருண்டை. உருண்டையைப் பிடித்து இழுத்தால் பக்கிள் திறந்து, நாடா முதுகுப்பக்கமாக உருவிக்கொண்டு ஓட, வளையம் கழன்று கயிற்றோடு போய்விடும். ஆள் ஜாக்கெட்டோடு மிதந்து போவார். முதுகில் இழுபடுவதால் ஓட்டம் பின்னந்தலையில் மோதிப் பிரிந்து, முகத்துக்கு முன்னால் மூச்சுவிட ஒரு குழிவு கிடைக்கும். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி நாடா தடையில்லாமல் உருவுவதுதான். நாடாவின் வால்முனையில் முடிச்சு இருந்தாலோ, அது தொங்குகிறதே என்று மடித்து எங்காவது செருகி வைத்திருந்தாலோ உருவாது. பல ஜாக்கெட்டுகளில் பக்கிளுக்குப் பக்கத்தில் ஓர் உலோகச் சட்டமும் இருக்கும். நாடாவை அதற்குள்ளும் கோத்தால் பெரிய இழுவையிலும் பிடி நழுவாது, ஆனால் இழுவை குறைவாக இருக்கும்போது நாடா தானாகக் கழலாமல் சிக்கிக்கொள்ளலாம். கோக்காமல் விட்டால் எளிதில் கழலும், பலமான இழுவையில் எதிர்பாராமல் வழுக்கியும் விடலாம். எது தேவை என்பதை அந்தந்த ஜாக்கெட்டை அணிந்து, ஆபத்தில்லாத ஓட்டத்தில் முதுகில் உண்மையான இழுவையோடு கழற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கரையில் நின்றுகொண்டு கழற்றிப் பார்ப்பது சோதனையே ஆகாது. கரையில் கயிற்றைப் பிடிப்பவரும் மறுமுனையை மரத்தில் கட்டக்கூடாது. அவரால் எந்தக் கணமும் விட முடிய வேண்டும்.

இந்த முறை எல்லாருக்கும் உரியதல்ல. பெரும்பாலானவர்கள் கையில் இருக்க வேண்டியது வீசுகயிற்றுப் பை, ஓட்டுகிறவர்கள் ‘த்ரோ பேக்’ என்று சொல்வது. 15 முதல் 20 மீட்டர் நீளம், 8 முதல் 9.5 மில்லிமீட்டர் தடிமன், மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு, தண்ணீரில் பளிச்சென்று தெரியும் நிறம், பை மிதக்க அடியில் ஒரு ஃபோம் வட்டு. உள்ளே டைனீமா என்ற மிகப் பலமான செயற்கை இழை உள்ள கயிறு மெலிதாகவே பல மடங்கு பலம் தரும். ஆனால் வழுக்கும், உராய்வுச் சூட்டுக்குத் தாங்காது. 6 மில்லிமீட்டர் கயிறு பையில் கொஞ்ச இடம்தான் பிடிக்கும். நனைந்த, குளிரில் விறைத்த கைக்கு அதைப் பிடித்து நிறுத்துவது மிகக் கடினம். வாங்குபவர்கள் பலத்தின் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். கைப்பிடிக்கு ஏற்ற தடிமனையும் பாருங்கள்.

வீசுபவர் கையில் இருக்கும் முனையில் முடிச்சும் கூடாது, வளையமும் கூடாது. மணிக்கட்டு நுழையும் வளையம் அங்கே இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். கை நழுவி ஆற்றில் போகும் கயிறு பாறை இடுக்குகளில் வழுவழுப்பாக உருவிப் போக வேண்டும். முடிச்சு இருந்தால் இடுக்கில் மாட்டி, ஆற்றுக்குக் குறுக்கே அது ஒரு பொறியாக நிற்கும். பையின் அடியில் காராபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) தொங்கினால் அதையும் கழற்றி வையுங்கள். வீசும்போது அது விழுந்தவரின் முகத்தில் மோதும். ஜாக்கெட்டில் மாட்டும் காராபினர்கள் எல்லாம் பூட்டுள்ளவையாக இருக்கட்டும். பூட்டில்லாதது வழியில் உரசும் கயிற்றில் தானாகவே மாட்டிக்கொள்ளும். கயிறு இருக்கும் இடத்தில் கத்தியும் இருக்க வேண்டும், ஒரு கையால் எடுக்கக்கூடிய இடத்தில்.

இனி, எப்போது வீசுவது என்ற கேள்வி. தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. ஒருவர் விழுந்ததும் கையில் பை இருப்பவருக்கு வீசிவிட வேண்டும் என்ற வேகம் வரும். முதலில் யோசியுங்கள்: விழுந்தவரே நீந்திக் கரை ஒதுங்க முடியுமா? அவரது கயாக்கையோ நண்பரின் படகையோ பிடிக்க முடியுமா? துடுப்பை நீட்டினால் எட்டுமா? ஓட்டம் போகும் கீழ்ப்பக்கத்தில் ஆழமான, அமைதியான மடு இருந்தால் மிதந்தே போய் அங்கே ஒதுங்குவது கயிற்றைவிடப் பாதுகாப்பு. சத்தம் போட்டு வழிகாட்டுவதே பல நேரம் போதும். அப்போது கையால் ஆபத்தைச் சுட்டாதீர்கள், போக வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டுங்கள். அலைகளுக்கு நடுவே ‘அங்கே பாறை’ என்ற சொல் காதில் விழாது, கை நீண்ட திசைதான் கண்ணில் படும். இவை எதுவும் ஆகாதபோது கயிறு.

அதையும் எங்கிருந்து வீசுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. கயிற்றைப் பிடித்தவர் உங்களை நோக்கி நேராக வரமாட்டார். நீங்கள் அசையாமல் நின்றால் வட்டமடித்து உங்களுக்குக் கீழே கரை சேர்வார். கயிறு 12 மீட்டர் வெளியே போயிருந்தால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 12 மீட்டர் கீழே. ஆகவே நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காலடியைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது 10 முதல் 20 மீட்டர் கீழே உள்ள கரை. அங்கே பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்துச் சுற்றும் ஒதுக்கிடம் இருந்தால் நல்லது. விழுந்து கிடக்கும் மரமோ, அடியில் குடைந்த பாறையோ இருந்தால் அங்கிருந்து வீசவே கூடாது. தண்ணீர் புகுந்துபோகும், ஆள் புகமாட்டார் என்ற வடிகட்டிக்குள் அவரை நம் கையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஆகும். உங்களுக்கே காலூன்ற இடமில்லாத வழுக்குப் பாறையிலிருந்தும் வீசாதீர்கள். மேலேயிருந்து வேறு படகுகள் வந்துகொண்டிருந்தால் முதலில் அவற்றை நிறுத்த வேண்டும். அதற்காகவே மேல்பக்கம் ஒருவர் விசிலோடு நிற்கிறார். மூன்று ஊதல் என்றால் ஆபத்து.

வீசும் முறை சுருக்கமாக: பையின் வாயை முழுக்கத் திறந்து, இரண்டு மீட்டர் போலக் கயிற்றை வெளியே எடுத்து, வீசாத கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றாதீர்கள், பிடிக்க மட்டும் செய்யுங்கள். ‘கயிறு’ என்று கத்தி, அவர் கண் உங்களைப் பார்த்த பிறகு வீசுங்கள். முகம் மறுபக்கம் இருக்கும்போது வீசிய கயிறு பெரும்பாலும் வீண்தான். குறி அவருடைய தலைக்கு மேலாக, பை அவரைத் தாண்டி விழ, கயிறு தோள்மேல் படிய வேண்டும். பை அவருக்கு முன்னால் விழுந்தால் கை எட்டாது. பைக்குள் கயிறு தாறுமாறாகத் திணிக்கப்பட்டிருந்தால் நடுவில் சிக்கி, பை பாதி தூரத்தில் தொப்பென்று நிற்கும். கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பைக்குள் வைப்பதும் சிக்கலைத் தரும். கைப்பிடி கைப்பிடியாகத் திணித்து நிரப்புங்கள்.

முதல் வீச்சு தவறினால்? ஓட்டம் நொடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்துச் சுருட்டி மறுபடி வீச 10 நொடி. அதற்குள் அவர் 30 மீட்டர் போயிருப்பார். உங்கள் கயிறோ 20 மீட்டர். அந்த இரண்டாவது வீச்சு ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருப்பவருக்கு, தடுப்பணைக்கு அடியில் பின்னோக்கி இழுபட்டு உருள்பவருக்கு உதவும். மிதந்து போகிறவருக்கு உதவாது. அவருக்கு வேண்டியது கீழ்ப்பக்கம் தயாராக நிற்கும் இன்னொருவர். இரண்டு பை இருந்தால் இரண்டு பேரும் ஒரே பாறையில் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது. ஒருவர் கீழே போய்விட வேண்டும்.

விழுந்தவர் கயிற்றைப் பிடித்தவுடன் இழுவை சட்டென்று வரும். உட்கார்ந்து, பாதங்களைப் பாறையில் முட்டுக்கொடுத்து, கயிற்றை முதுகைச் சுற்றி இடுப்போடு எடுத்துத் தாங்குங்கள். கூட ஒருவர் இருந்தால் அவர் பின்னாலிருந்து உங்கள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். அசையாமல் பிடித்தால் விழுந்தவரின் கை நழுவும். கொஞ்சம் கயிறு விட்டுக்கொடுத்தோ, கரையோரம் கீழ்நோக்கி நடந்தோ அதிர்ச்சியைக் குறைக்க வேண்டும். ஆனால் எப்போதும் கயிற்றின் மேல்பக்கம் நில்லுங்கள். கயிறு வளைந்து கிடக்கும் வட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். விழுந்தவர் பையையல்ல, கயிற்றையே பிடிக்க வேண்டும்; பையைப் பிடித்தால் மீதிக் கயிறு உருவிக்கொண்டே போகும். மல்லாந்து, கால்கள் கீழ்ப்பக்கம் நீட்டி, கயிற்றை மார்போடு அணைத்து, கரைக்குத் தூரமான தோள்மேல் கயிறு வரும்படி வைத்தால் உடம்பு சாய்ந்து ஓட்டமே அவரைக் கரைக்குத் தள்ளும். தண்ணீர் தலைக்கு மேல் பாய்ந்தாலும் முகத்துக்கு முன் மூச்சு கிடைக்கும். அவரும் கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது.

கரை நெருங்கியதும் எழுந்து நிற்கத் தோன்றும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று பாதத்தை ஊன்றினால், இரு பாறைக்கு நடுவே அது சிக்கி, ஓட்டம் உடம்பை முன்னே தள்ளிவிடும். தலை மூழ்க அந்த ஆழம் போதும். வயிறோ பின்புறமோ தரை தட்டும்வரை நீந்திக்கொண்டே இருங்கள். அப்படிச் சிக்கிய ஒருவருக்கு முதல் தேவை காலை விடுவிப்பது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் முதல் தேவை மூச்சு. இரு கரையிலும் ஆள் நின்று, ஒரு கயிற்றைக் குறுக்கே பிடித்து, அவருக்குக் கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கிக் கொண்டுவந்து மார்புக்குக் குறுக்கே வைக்க வேண்டும். அதன்மேல் சாய்ந்து அவர் தலையைத் தூக்கிக்கொள்வார். கயிறு மூழ்காமல் இருக்க நடுவில் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டலாம். அதன் பிறகு இரண்டாவது கயிறு, நடுவில் கனம் சேர்த்து மூழ்கவிட்டு, அதையும் கீழ்ப்பக்கமிருந்தே கணுக்காலுக்குக் கொண்டுபோய், இரு கரையிலும் மேல்நோக்கி நடந்து இழுக்க வேண்டும். கால் எந்த வழியாக உள்ளே போனதோ அந்த வழியாகத்தான் வெளியே வரும். தலை தண்ணீருக்குள் இருந்தால் இதற்குச் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். நடந்தே போய்த் தொட முடியும் என்றால், இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு போய்த் தாங்குவது கயிற்றைவிட விரைவு.

பாறையில் அப்பிக்கொண்ட படகை மீட்பது தனிக் கதை. அதில் ஆள் இருந்தால் படகை மறந்து ஆளைத்தான் பார்க்க வேண்டும். ஆள் இல்லை என்றால் அவசரமே இல்லை. கயிற்றை மாட்டி நாலைந்து பேர் வெவ்வேறு கோணத்தில் இழுத்துப் பார்ப்பதே முதல் வழி. பெரும்பாலான படகுகள் அதிலேயே ஒரு முனை தூக்கி, தண்ணீர் வடிந்து வந்துவிடும். அதில் வராதபோதுதான் புல்லி, அதாவது கப்பி. இசட் வடிவில் கயிற்றை மடித்து இழுத்தால் மூன்று மடங்கு பலம் என்று சொல்வார்கள். அது உராய்வே இல்லாத கணக்கு. புல்லி இல்லாமல் காராபினரில் கயிறு வளைந்தால் ஒவ்வொரு வளைவிலும் இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும். கடைசியில் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு மடங்குதான். கையில் ஒரே ஒரு புல்லி இருந்தால் அதைக் கரையில் கயிற்றைத் தாங்கும் மரத்துப் பக்கம் மாட்டாமல், கயிற்றோடு நகரும் வளைவில், இழுப்பவர் கைக்கு முதலாக வரும் இடத்தில் மாட்டுங்கள். பலன் சுமார் இரண்டரை மடங்காக உயரும். இழுகயிற்றைச் சுற்றிப் போட்டு, இழுத்தால் இறுகிப் பிடிக்கும் புரூசிக் என்ற சிறு கயிற்று வளையத்துக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் கயிறு.

இறுகிய கயிற்றின் நடுவைப் பக்கவாட்டில் இழுப்பது இதைவிட எளிய தந்திரம். கயிறு இருபக்கமும் 5 பாகை வளையும்வரை நீங்கள் போடும் விசை கயிற்றில் கிட்டத்தட்ட ஆறு மடங்காகும். 10 பாகையில் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதனால் முதல் சில அங்குலங்களில்தான் இதன் பலம் எல்லாம். இதே கணக்குத்தான் ஆற்றுக்கு நேர்குறுக்காகக் கயிறு கட்டக்கூடாது என்பதற்கும் காரணம். நடுவில் ஒருவர் மாட்டினால் அவரைத் தள்ளும் ஓட்டம் இரு முனைக்கும் பல மடங்காகப் போகும். அவரோ வளைவின் ஆழத்தில் சிக்கி அசைய முடியாமல் நிற்பார். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஓட்டத்தின் திசைக்கு 45 பாகையோ அதற்கும் குறைந்த கோணமோ வைத்துச் சாய்வாகக் கட்டினால் ஆள் கரைப்பக்கம் வழுக்கிப் போவார். இறுகிய கயிறு அறுந்தால் இரு பக்கமும் பாயும். அதன் நேர்கோட்டில் யாரும் நிற்காதீர்கள். கயிற்றின் நடுவில் ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டால் பாய்ச்சல் பெருமளவு அடங்கும்.

படகு இழுக்கப் பயன்பட்ட கயிற்றை மறுபடி ஆளுக்கு வீசும் பைக்குள் வைக்க வேண்டாம். மணலும் உராய்வும் உள்ளே என்ன செய்தன என்று கண்ணுக்குத் தெரியாது. நன்னீரில் அலசி, நிழலில் காய வைத்து, விரலால் முழு நீளமும் தடவிப் பாருங்கள். மேலுறை சிராய்த்த இடமோ, தட்டையான, விறைத்த இடமோ கைக்குத் தெரிந்தால் அந்தக் கயிறு துணி காயப் போடத்தான்.

பயணம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பயிற்சியின்போது நிற்கும் கட்டைக்குக் குறி பார்க்க வைக்காதீர்கள். பாதுகாப்பான ஓட்டத்தில், உண்மையிலேயே மிதந்து வரும் ஆளுக்கு, இரு கையாலும் வீச வைத்து, பிடித்த பிறகு தாங்கிக் கரை சேர்க்கும்வரை செய்ய விடுங்கள். வீசுவது எல்லாருக்கும் ஒரு நாளில் வந்துவிடும். தாங்குவதும், எப்போது விட்டுவிடுவது என்பதும்தான் பழக நாளாகும்.

உங்களிடம் கேட்பது அந்தப் படத்தை நீக்கி ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்பது. ‘கயிற்றை உடம்பில் கட்டாதீர்கள், கையில் சுற்றாதீர்கள்’ என்ற வரியை, முந்தைய குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கயாக் பயிற்றுநர்கள் சிலர்